ரீசெட் பட்டனை விடுங்க, கோடைப் படிங்க: இன்ஜின் லைட்டும் உங்க பர்ஸும்

சம்பளம் வந்து, வாடகை போயி, இஎம்ஐ போயி, எஸ்ஐபி போயி, மிச்சத்துல மாசத்தை ஓட்டிட்டு இருப்போம். அப்பதான் டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல அந்த இன்ஜின் படம் எரியும். நம்ம ஆளுங்க பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க. பயந்துபோய் ஒர்க்‌ஷாப்புல வண்டியை விட்டுட்டு, வர்ற பில்லைக் கட்டுவாங்க. இல்லைன்னா ஆன்லைன்ல ஒரு ஸ்கேனர் வாங்கி, ஆப்ல 'கிளியர்' அமுக்கி, லைட் அணைஞ்சதும் பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. ரெண்டுலயும் காசு போகும். என்னைக் கேட்டா, ரெண்டாவதுலதான் அதிகமா போகும்.

அந்தக் கருவி ரெண்டு வேலை செய்யும். கோடைப் படிக்கும், கோடை அழிக்கும். நீங்க கொடுக்கிற காசு முழுக்கப் படிக்கிற வேலைக்குத்தான். அழிக்கிற வேலை உங்களுக்குத் தேவைப்படுறது ரொம்ப அபூர்வம்.

ஏன்னு சொல்றேன். இந்தியாவில் பிஎஸ்4 கார்களுக்கு 2013 ஏப்ரல்ல இருந்து ஓபிடி-2 கட்டாயம். உங்களுடையது பிஎஸ்6 கார்னா சந்தேகமே வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கிற இடத்துக்கு மேல குனிஞ்சு பார்த்தா 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். சாதாரண புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய் பக்கத்துலயே கிடைக்குது. அதைச் சொருகி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணி, போன்ல ஆப்பைத் திறந்தா கோடு வரும். கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு ஒண்ணு இருக்கும். கோளாறு பதிவான அந்த நேரத்துல வண்டி என்ன ஸ்பீடு, இன்ஜின் எவ்வளவு சூடு, ஆர்பிஎம் எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் எடுத்து வெச்ச போட்டோ மாதிரி அது. மெக்கானிக்குக்கு அது தங்கம். நீங்க கிளியர் அமுக்கினா கோடோட சேர்ந்து அதுவும் போயிடும். பேட்டரியைக் கழட்டி மாட்டுற பழைய வைத்தியத்துலயும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. கோளாறை உண்மையா சரி பண்ணிட்டா லைட் தானாவே அணையும். தொடர்ந்து 3 ஓட்டத்துல அந்தச் சோதனை நடந்து, கோளாறு திரும்ப வரலைன்னா கம்ப்யூட்டரே அணைச்சிடும். கோளாறு இருந்தா நீங்க பத்து தடவை அழிச்சாலும் திரும்ப வரும். அப்புறம் எதுக்கு அந்தப் பட்டன்?

சரி, கோடு வந்தாச்சு. இங்கதான் காசு விஷயம். கோடு நோயோட பேரைச் சொல்லாது, அறிகுறியை மட்டும்தான் சொல்லும். உதாரணத்துக்கு பி0171. கலவையில காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னது ஆக்சிஜன் சென்சார். உடனே "சென்சார் போச்சு, மாத்தணும்"னு சில ஆயிரத்துக்கு எஸ்டிமேட் வரும். திருடனைப் பார்த்து நாய் குரைச்சா, நாயை மாத்துற வேலை இது. காரணம் வெடிச்சுப்போன ஒரு வேக்குவம் ஹோஸா இருக்கலாம், அழுக்கேறின ஏர் ஃப்ளோ சென்சாரா இருக்கலாம், பலவீனமான பெட்ரோல் பம்ப்பாவும் இருக்கலாம். ஹோஸ்னா சில நூறோட முடியும். பி0420-ம் அப்படித்தான். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யலைன்னு கம்ப்யூட்டருக்குச் சந்தேகம், அவ்வளவுதான். சைலன்சர் லைன்ல கசிவு இருந்தாலும் வரும், பின்னாடி இருக்கிற சென்சார் கெட்டாலும் வரும். ஆனா மாத்தச் சொல்ற பார்ட் பல பத்தாயிரம். அந்தத் தொகைக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி "கசிவு செக் பண்ணீங்களாண்ணே? சென்சார் ரீடிங் பார்த்தீங்களா?"ன்னு ரெண்டு கேள்வி கேக்குறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. மாத்தினா பழைய பார்ட்டைக் கையில வாங்கிக்கோங்க.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டா வேற கடை பாருங்க.

கிளியர் பட்டன் உண்மையிலேயே உதவுற ஒரு இடம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். பி0301 வந்தா முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள பெட்ரோல் கார்னா, இன்ஜின் ஆறினபிறகு முதல் காயிலையும் ரெண்டாவது காயிலையும் இடம் மாத்திப் போட்டு, கோடை அழிச்சிட்டு ஓட்டிப் பாப்பாங்க. இப்போ பி0302 வந்தா காயில்தான் குற்றவாளி. திரும்பவும் பி0301-ஏ வந்தா ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாக்கணும். அழிச்சது மறைக்கிறதுக்கு இல்லை, சோதிக்கிறதுக்கு. கை வேலை பழக்கம் இல்லைன்னா இதை மெக்கானிக்கைப் பண்ணச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை.

அந்த மஞ்சள் லைட் நிலையா எரிஞ்சா, வண்டி நார்மலா ஓடினா, பதறாம வீட்டுக்குப் போய் கோடைப் பாருங்க. சிமிட்டினா கதை வேற. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள்ள போய் அங்க எரியுதுன்னு அர்த்தம். ஒரு காயிலோட போக வேண்டிய செலவு, அப்படியே இன்னும் இருபது கிலோமீட்டர் ஆபீஸ் வரைக்கும் ஓட்டினா கன்வர்ட்டர் வரைக்கும் போகலாம். ஓரங்கட்டுங்க, டோ வண்டிக்குக் கொடுக்கிற காசு லாபம். சிவப்பு ஆயில் லைட்டோ, சிவப்பு டெம்பரேச்சர் லைட்டோ எரிஞ்சா உடனே நிறுத்தணும். அதுக்கு ஸ்கேனர் எல்லாம் தேட வேண்டாம்.

வாரண்டியில இருக்கிற வண்டியா? படிங்க, ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அழிக்காதீங்க. அழிச்சிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனா, "இங்க எதுவும் காட்டலையே சார்"னு திருப்பி அனுப்புவாங்க. கைல இருந்த ஆதாரத்தை நீங்களே அழிச்ச மாதிரி. வாரண்டி முடிஞ்ச அடுத்த மாசம் அதே கோடு வந்தா யார் காசு?

ஆனா இந்தக் கருவி உங்களுக்கு அதிகமா சம்பாதிச்சுக் கொடுக்கப்போற இடம் உங்க சொந்தக் கார் இல்லை. நீங்க வாங்கப்போற பழைய கார்.

நாலு லட்சம் கொடுத்து ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. சாவியை ஆன் பண்ணதும் இன்ஜின் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஆன் பண்ணும்போதே எரியலைன்னா, லைட்டையே யாரோ வேலை செய்யவிடாம பண்ணியிருக்கலாம். அடுத்து ஆப்ல 'ரெடினெஸ்' பக்கம் போங்க. கோடை அழிச்சா அந்தச் சோதனைகள் எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பாதிக்கு மேல 'முடியவில்லை'ன்னு காட்டினா, சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்க. பல கார்கள்ல, கோடை அழிச்சபிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னே காட்டும். அங்க 12 கிலோமீட்டர்னு இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரோ கிளியர் அமுக்கியிருக்காங்க. "இப்பதான் பேட்டரி மாத்தினோம்"னு சொல்லலாம், அது உண்மையாவும் இருக்கலாம். பில்லைக் காட்டச் சொல்லுங்க. இல்லைன்னா ஒரு வாரம் ஓட்டினபிறகு திரும்ப வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. டோக்கன் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துடாதீங்க.

செலவு விஷயத்துல ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுல ஒரு காருக்காகப் பத்தாயிரம், பதினைஞ்சாயிரம் போட்டு பெரிய ஸ்கேனர் வாங்காதீங்க. ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்து ஒரு அடாப்டர் வாங்கினாலே போதும். பார்த்து முடிச்சதும் சாக்கெட்ல இருந்து கழட்டி வெச்சிடுங்க. அப்படியே விட்டா, ரெண்டு வாரம் ஓட்டாம நிக்கிற வண்டியில பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும்.