மிஸ்ரிலிருந்து வந்த இளைஞர்

 

ஓதுவதற்காகக் கடல் கடந்து சென்ற பிள்ளையை, முன்னறிவிப்பு எதுவுமின்றிப் போய்ப் பார்த்து, அவன் முகம் மலர்வதைக் கண்குளிரக் காண வேண்டும் என்ற ஆசை பெற்றோர் பலருக்கும் எழுகின்றது. உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு இப்போது அந்த வாய்ப்பும் எளிதில் கிட்டுகின்றது. 1961-இல் தொடங்கப்பெற்ற மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் மகன் ஓதிக்கொண்டிருப்பான். ஸியாரத்துக்காக அதே நகருக்குத் தாயும் தந்தையும் சென்று இறங்குவார்கள். இதைப் பற்றி எழுத எண்ணியபோது, ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே மதீனாவில் நடந்த ஒரு சந்திப்பு நினைவில் எழுந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மாணவர்களுள் தலைசிறந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னுல் காஸிம் (ரஹ்). மிஸ்ர் நாட்டைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி 191-இல் மறைந்தவர். நம் பகுதியில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளே பெருவழக்காதலின் இவருடைய பெயர் நம் இல்லங்களில் அதிகம் ஒலிப்பதில்லை. ஆனால் மாலிகி மத்ஹபின் பெருநூலாகிய ‘அல்முதவ்வனா’, கைரவான் நகரத்து ஸஹ்னூன் (ரஹ்) கேட்ட கேள்விகளுக்கு இவர் அளித்த விடைகளால் உருவானதே. காழி இயாழ் (ரஹ்) அவர்கள் மாலிகி அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தபோது இவருடைய மாணவப் பருவத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

மதீனாவில் ஆசிரியரின் வாயிலில் பதினேழு ஆண்டுகள் கிடந்தார் இப்னுல் காஸிம். அக்காலம் முழுவதும் விற்றதுமில்லை, வாங்கியதுமில்லை என்கிறது அவ்வரலாறு. பின்னிரவின் இருளிலேயே ஆசிரியரின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். அந்நேரத்தில் இமாம் அவர்களின் உள்ளம் தெளிந்திருக்கும், கேள்விகளுக்கு மனம் விரிந்து விடை கிடைக்கும் என்பது அவர் கண்ட பாடம். ஒருநாள் வாசற்படியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். இமாம் பள்ளிவாசலுக்குச் சென்றதையும் அறியவில்லை. வீட்டுப் பணிப்பெண் காலால் எத்தி எழுப்பி, ‘உம்முடைய எஜமானர் போய்விட்டார், அவர் உம்மைப் போல் உறங்குபவரல்லர்’ என்று கடிந்தாளாம். அடிக்கடி வந்து கிடப்பதைக் கண்டு, அவரை அவ்வீட்டு ஊழியர் என்றே அவள் எண்ணியிருந்தாள்!

இவ்வாறு இருக்கையில், ஹஜ்ஜுக்காக மிஸ்ரிலிருந்து யாத்திரிகர்கள் வந்தனர். பாடம் நடந்துகொண்டிருந்த இடத்திற்குள், துணியால் முகத்தை மறைத்துச் சுற்றியிருந்த ஓர் இளைஞர் நுழைந்தார். முதலில் இமாம் மாலிக் அவர்களுக்கு ஸலாம் உரைத்தார். பிறகு, ‘உங்களில் இப்னுல் காஸிம் இருக்கிறாரா?’ என்று வினவினார். இருந்தவர்கள் கையால் சுட்டிக் காட்டினர். அவ்விளைஞர் நேரே வந்து அவருடைய கண்களில் முத்தமிட்டார். அவரிடமிருந்து ஒரு நறுமணத்தை உணர்ந்ததாகவும், அது பெற்ற பிள்ளையின் மணம் என்றும் இப்னுல் காஸிம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆம், வந்தவர் அவருடைய மகனே! தந்தை ஊரைவிட்டுப் புறப்பட்டபோது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளை அது.

இச்சம்பவத்தை மேடைகளில் சொல்லும்போது நாம் மாணவரின் தியாகத்தைப் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆயினும் என் நெஞ்சம் மிஸ்ரில் இருந்த அந்தப் பெண்மணியையே சுற்றி வருகிறது. அவர் இப்னுல் காஸிமுடைய சிறிய தந்தையின் மகள் என்பதற்கு மேல் இச்சம்பவத்தில் அவருடைய பெயர்கூடச் சொல்லப்படவில்லை. தனித்துப் பெற்றார், தனித்து வளர்த்தார். முன்பின் கண்டிராத தந்தையை இன்னார் என்று மகனுக்கு அடையாளம் சொன்னவர் வேறு யாராக இருக்க முடியும்? சபையில் நுழைந்ததும் ஆசிரியருக்கு முதல் ஸலாம் என்ற ஒழுக்கத்தை அப்பிள்ளை எவரிடம் கற்றிருப்பான்?

இவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் மற்றொரு செய்தியும் உண்டு. நெடுங்காலம் தங்க வேண்டியிருக்கும் என்பதை உணர்ந்த இப்னுல் காஸிம், புறப்படும்போதே மனைவிக்கு உரிமை அளித்தார்: விரும்பினால் பிரிந்து வேறு வாழ்வு தேடிக்கொள்ளலாம், விரும்பினால் காத்திருக்கலாம். அவர் காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தார். கேட்டுப் பெற்ற சம்மதம் அது!

நம் ஊர்களில் சபராளிகளின் இல்லங்கள் எத்தனை எத்தனை! திருமணம் முடிந்த சில வாரங்களிலேயே விமானம் ஏறியவர்கள், பிள்ளை நடைபயின்ற பிறகு திரும்பி வந்து, ‘யாரும்மா இவர்?’ என்று அப்பிள்ளை உம்மாவின் முந்தானைக்குள் ஒளிவதைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. 1980-களில் கடிதமும், குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டுமே அவ்வில்லங்களுக்குத் துணை. இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம்; பிரிவு அதனால் பிரிவாக இல்லாமல் போய்விடவில்லை. போருக்குச் சென்றவரின் மனைவி இரவில் வருந்திப் பாடியதைக் கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒரு பெண் எத்தனை காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவி, படைவீரர்களின் வெளியிருப்புக்கு எல்லை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஆட்சியாளர் தம் மகளிடமே கேட்டார் என்பதைக் கவனியுங்கள். சபருக்குப் புறப்படும் நம் ஆண்மக்களுள் மனைவியிடம் மனம் திறந்து கேட்டுவிட்டுச் செல்பவர் எத்தனை பேர்?

இனி, சொல்லாமல் போய் நிற்பதைப் பற்றி. நெடுநாள் வெளியூரில் இருந்தவர் இரவு நேரத்தில் திடீரென்று வீட்டிற்குள் நுழைவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். வீட்டிலுள்ள பெண் தலைவாரித் தன்னை ஒழுங்கு செய்துகொள்ள அவகாசம் வேண்டுமல்லவா? சொந்த மனைவியின் இல்லத்திற்கே இவ்வளவு நளினம்! பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனத்தின் கட்டளை. பிள்ளையின் விடுதியறை நம் பணத்தில் நடப்பதாயினும் அது பிறர் இல்லமே. அங்கே வேற்று நாட்டு மாணவரும் உடன் தங்கியிருப்பர்.

மற்றொன்றையும் தாய்மார்கள் எண்ண வேண்டும். அயல்நாட்டில் தனித்திருக்கும் பிள்ளை வாசலில் திடீரென வாப்பாவைக் கண்டால், முதலில் மகிழ்வதில்லை, நடுங்குகிறான். எங்கள் மத்ரஸாவில் ஓதிவிட்டு வெளிநாடு சென்ற ஒரு மாணவர் சொன்னார்: ‘ஹஜ்ரத், வாப்பாவும் மாமாவும் வந்து நின்றதும், உம்மாவுக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டேன். உம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் என் கால்கள் தளர்ந்துவிட்டன.’ மௌத்துச் செய்தியை மட்டும்தான் நேரில் வந்து சொல்வார்கள் என்று பழகிய உள்ளம் அது.

ஆகையால் முழுவதும் மறைக்காதீர்கள். வருவதைச் சொல்லிவிட்டு, நாளை மட்டும் மறைத்தால் அதுவே போதிய வியப்பாகும். தேர்வு எப்போது என்பதைப் பேச்சோடு பேச்சாக அறிந்துகொள்ளுங்கள். போனதும் அவனுடைய ஆசிரியர்களைக் கண்டு ஸலாம் சொல்லுங்கள். மெலிந்துவிட்டானே என்று அவர்கள் முன்னால் அழ வேண்டாம். தொதல் கிண்டி எடுத்துச் செல்வதாயிருந்தால் சற்றுக் கூடுதலாகவே கிண்டுங்கள். அறைத் தோழர்கள் இருப்பார்கள். அவர்களைக் காண அந்த வருடம் எவருமே வராமலிருக்கக்கூடும்.