கோழிக்குப் போகும் மருந்துக்குக் கணக்கு எங்கே?

கோலிஸ்டின் என்றொரு மருந்து. வேறு எந்த ஆண்டிபயாடிக்கும் பலன் தராத நோயாளிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுப்பது. இதையே பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். நோய் தீர அல்ல... சீக்கிரம் எடை கூட!

விளைவு? 2015-ல் சீன விஞ்ஞானிகள் எம்.சி.ஆர்-1 என்ற ஜீனைப் பற்றி அறிவித்தார்கள். கோலிஸ்டினுக்கு அடங்காத தன்மையைத் தரும் இந்த ஜீன், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவும். பன்றிகளிலும் இருந்தது, கடை இறைச்சியிலும் இருந்தது, மருத்துவமனை நோயாளிகளிடமும் இருந்தது. பண்ணை விலங்குகளை வழக்கமாகக் கண்காணித்து வந்ததால்தான் இது பிடிபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியா 2019-ல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தருவதைத் தடை செய்தது. நல்லது. ஆனால் ஒரு மருந்தைத் தடுத்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வராதா? வந்தால் எப்படித் தெரியும்?

டென்மார்க் 1995-லேயே விலங்கு, உணவு, மனிதர் மூன்றையும் சேர்த்துக் கண்காணிக்கத் தொடங்கியது. 2000 முதல் எந்தப் பண்ணைக்கு, எந்த மருந்து, எவ்வளவு போனது என்பது அங்கே பதிவாகிறது. 2010-ல் அளவு மீறும் பன்றிப் பண்ணைகளுக்கு 'மஞ்சள் அட்டை' காட்டும் முறையும் வந்தது.

இந்தியாவிலும் கால்நடை, மீன்களிலுள்ள பாக்டீரியாக்களைச் சோதிக்க, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வகக் கூட்டமைப்பு இருக்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் அது பாதி வேலை. எந்தக் கிருமி மருந்துக்கு அடங்கவில்லை என்று அது சொல்லும். எந்தப் பண்ணை எவ்வளவு மருந்து கொடுத்தது என்று சொல்லாது.

"ரெண்டு ஆடு வளர்க்கிற ஏழையிடம் போய்க் கணக்குக் கேட்பதா?" என்பார்கள். அவரிடம் ஏன் கேட்க வேண்டும்? பல்லடம் பக்கம் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாமே கம்பெனி தருவது. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. எந்தக் கொட்டகைக்கு எத்தனை பாட்டில் மருந்து போனது என்று எழுதி வைக்காமலா கம்பெனி லாபம் பார்க்கிறது? கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை!

மருந்துக் கம்பெனி, தீவன ஆலை, பெரிய கோழி நிறுவனம் - முதலில் இந்த மூவரிடமும் ஆண்டுக் கணக்கு வாங்கி, அதை அரசு வெளியிட வேண்டும். அதுவரை தடை உத்தரவு வெறும் காகிதம்தான். அதற்கான விலையைக் கொடுப்பவர் கோழிக்கடைக்காரர் அல்ல, மருந்து பலிக்காமல் மருத்துவமனையில் கிடக்கும் நோயாளி.