ஜீவனுள்ள கற்கள்



பெங்களூரு நகரத்தில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் நம் மக்களுக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் பால்கனியின் கம்பிகளுக்கும் துணி காயும் கயிற்றுக்கும் நடுவே கிடைக்கும் ஒரு சாண் இடமே. ஊரிலிருந்து கொண்டுவந்த பிரண்டைத் துண்டு, கற்றாழை, ஓமவல்லி ஆகியவை அங்கே குடியேறியிருக்கும். அண்மைக் காலமாக விசுவாசிகளின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது அவற்றின் நடுவே ஒரு புதிய விருந்தாளியைக் காண்கிறேன். சிறிய தொட்டியில் கூழாங்கற்கள் பரப்பியிருக்கும். கூர்ந்து நோக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று கற்கள் மட்டும் மாட்டுக் குளம்பைப்போல நடுவில் பிளந்திருக்கும். அவையே செடிகள். லித்தாப்ஸ் என்பது அவற்றின் பெயர். கிரேக்கத்தில் ‘லித்தோஸ்’ என்றால் கல்; ‘ஆப்ஸ்’ என்றால் முகம். ஆங்கிலேயர் இவற்றை அழைக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், அது அப்போஸ்தலனாகிய பேதுரு தமது முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சபையாரைக் குறித்து வழங்கிய பெயராகவே அமைந்துவிடுகிறது: ஜீவனுள்ள கற்கள்.

இவற்றின் தாய்நிலம் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும். 1811ஆம் ஆண்டில் வில்லியம் பர்ச்செல் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில் மாட்டு வண்டியில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். பிரீஸ்கா என்னுமிடத்துக்கு அருகே கற்கள் நிறைந்த தரையிலிருந்து விநோத வடிவமுள்ள ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தார். எடுத்தபின்பே அது செடி என்று கண்டார். லித்தாப்ஸ் என்னும் பேரினப் பெயரை என். இ. பிரவுன் என்னும் தாவரவியலார் 1922ஆம் ஆண்டில் சூட்டினார். ஆடுமாடுகளும் காட்டு விலங்குகளும் மேய்ந்து தீர்க்கும் வறண்ட நிலத்தில், கல்லைப்போலத் தோன்றுவதே இச்செடிக்குக் காவல்.

நாம் காண்பது செடியின் மேற்பரப்பை மட்டுமே. இயற்கை வாழிடத்தில் அதன் உடலின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். மண்ணுக்குள் இருக்கும் பச்சையத்துக்கு வெளிச்சம் எப்படிச் சேரும்? இலையின் மேற்பரப்பு ஒளி ஊடுருவும் ஜன்னலாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியாக நுழையும் வெயில் உள்ளே இறங்கி, ஆழத்திலுள்ள பச்சைத் திசுவை எட்டுகிறது. பகலில் சுவாசத் துளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை உட்கொள்ளுவதால் நீர் வீணாவதில்லை. சிருஷ்டிகரின் கைவேலையைச் சொல்ல ஆலமரத்தையும் இமயத்தையுமே தேடிப் போக வேண்டுவதில்லை.

இத்தகைய செடி நம் வீடுகளில் ஏன் ஆறு மாதம்கூடத் தங்குவதில்லை? தண்ணீரால்தான். அவற்றின் தாய்நிலத்தில் பல இடங்களில் ஆண்டு மழை 250 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. பெங்களூரிலோ 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அது போதாதென்று, காலைதோறும் துளசிக்கு ஊற்றுவதுபோல் ஒரு குவளை நீரை நாமும் ஊற்றுகிறோம். நாம் மழையைக் கேட்டே பழகினவர்கள். பின்மாரி மழையைக் குறித்துப் பாடாத ஞாயிறு நமக்கு உண்டோ? ஆகையால் நீரை நிறுத்துவதும் ஒரு பராமரிப்பே என்பது நம் புத்தியில் எளிதாக ஏறுவதில்லை.

இச்செடியின் வாழ்வில் மிகவும் கவனிக்கத்தக்கது இலை மாறும் பருவம். வடகோளத்தில் வளர்க்கப்படும்போது இது பெரும்பாலும் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் பூக்கிறது. வெள்ளையோ மஞ்சளோ ஆன பூ, பிளவின் நடுவிலிருந்து எழும்பிப் பிற்பகலில் விரியும். பூத்து முடிந்தபின் இரண்டு இலைகளுக்குள்ளே புதிய இரண்டு இலைகள் உருவாகத் தொடங்கும். அவை தரையிலிருந்து நீரைத் தேடுவதில்லை. பழைய இலைகளில் சேமித்திருக்கும் நீரையும் சத்தையும் உறிஞ்சியே வளர்கின்றன. வெளியே பார்ப்பவருக்கோ செடி சுருங்கி, மங்கி, செத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அப்போது இரக்கப்பட்டு நீர் ஊற்றினால் பழைய இலைகள் அதைக் குடித்து மறுபடியும் பருத்து, வற்ற மறுத்து, உள்ளிருக்கும் புதிய இலைகளை நெருக்கும். சில வேளை முழுச் செடியும் அழுகிப்போகும். பொறுமையிழந்து பழைய தோலை உரித்துவிடுபவர்களும் உண்டு. அதுவும் கேடே. பழைய இலைகள் காகிதத்தைப்போல் உலர்ந்து தாமாக விலகும் வரை, அதாவது டிசம்பர் தொடங்கி ஏறத்தாழ மார்ச் அல்லது ஏப்ரல் வரை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது ஒரு சகோதரியின் குடும்பம் என் நினைவில் நிற்கிறது. பிழைப்புக்காக இந்நகரத்துக்கு வந்த குடும்பம் அது. கணவர் விபத்தில் மரித்தார். அடக்கம் முடிந்த நாள்முதல் அந்த ஓர் அறை வீட்டில் நாள்தோறும் ஜெபக்கூட்டம். வந்தவர்கள் அனைவரும் அன்பினாலேயே வந்தார்கள். ஒருவர் யோபுவைப் பேசினார். மற்றொருவர் அழுவது அவிசுவாசம் என்றார். மூன்றாம் மாதம், சபையில் சாட்சி சொல்லும்படி அவரை வற்புறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு முதல் அந்தச் சகோதரி ஆராதனைக்கு வரவில்லை. ‘பின்வாங்கிவிட்டார்’ என்று சபையில் பேச்சு எழுந்தது.

அவர் பின்வாங்கவில்லை என்பது என் திடமான எண்ணம். வெளியே சுருங்கியிருந்தார், அவ்வளவே. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததை யோபு இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் வாசிக்கிறோம். அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அதுவே; வாய் திறந்தபின்புதான் காரியம் கெட்டது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே சாவை விரும்பிப் படுத்திருந்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான். இரண்டாந்தரமும் வந்து புசிக்கச் சொன்னான். அந்தப் போஜனத்தின் பலத்தினாலே தீர்க்கதரிசி நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார்.

ஆனால் விலகி நிற்பதைக் கைவிடுவதோடு ஒன்றாக்கிவிடலாகாது. அந்த வீட்டுக்கு மாதந்தோறும் அரிசி போகவேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் சபையால் செலுத்தப்பட வேண்டும். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தால் அதை மாற்ற ஒரு சகோதரர் கூடப் போகவேண்டும். இவையும் ஊழியமே. சாட்சி அவருடைய காலத்தில் வரட்டும்; வராமலே போனாலும் கர்த்தர் அவரைக் கணக்கில் வைத்திருக்கிறார்.

வளர்க்க விரும்புகிறவர்களுக்குச் சில காரியங்கள். லால்பாக்கை அடுத்த சித்தாபுரத்து நர்சரிகளிலும், ஜனவரி, ஆகஸ்ட் மாதங்களில் லால்பாக்கில் நடைபெறும் மலர்க்கண்காட்சியின் கடைகளிலும் சதைப்பற்றுச் செடிகளைப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் நீல நிறத்திலும் ஊதா நிறத்திலும் படம் போட்டு விதை விற்பவர்களை நம்பாதீர்கள். லித்தாப்ஸில் அப்படிப்பட்ட நீலம் கிடையாது. விதையிலிருந்து வளர்க்கப்பட்ட செடிதானா என்றும் கேட்டு வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் இவ்வினத்தின் உறவுச் செடிகளைக் காட்டிலிருந்து திருடிக் கடத்தும் கூட்டங்கள் பெருகியுள்ளன.

வாங்கிவந்த மண்ணில் அப்படியே விட்டுவிடவேண்டாம். தென்னை நார்த்தூள் கலந்த மண் நீரைப் பிடித்துக்கொள்ளும். பருமணல், பொடிக்கல், உடைத்த செங்கல் இவை மூன்று பங்கு, மண்ணும் மட்கிய உரமும் ஒரு பங்கு என்று கலந்து, அடியில் துளையுள்ள நான்கு அங்குல ஆழத் தொட்டியில் நடுங்கள். இதன் ஆணிவேருக்கு ஆழம் தேவை. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படவேண்டும். வெளிச்சம் குறைந்தால் செடி கல்லின் வடிவத்தை இழந்து மேல்நோக்கி நீளும். மழைச்சாரல் படாத கூரையின்கீழ் வையுங்கள். இலை மாறாத பருவத்தில் பக்கங்களில் சுருக்கம் தெரிந்தால் மட்டும் நன்றாக நனையும்படி ஊற்றி, மண் முற்றிலும் காய்ந்தபின் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். ஏப்ரல், மே வெப்பத்தில் மிகக் குறைவாக, அதுவும் மாலையில். மாவுப்பூச்சி கண்டால் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்துவிடலாம். நன்றாகப் பேணினால் சில செடிகள் நாற்பது ஆண்டுகள்கூட வாழ்கின்றன.

மணி பிளான்டைப்போல இதுவும் அதிர்ஷ்டச் செடியா, விசுவாசிகள் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். இது செடி. தாராளமாக வையுங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பூ மகரந்தம் பெற்றுக் காய்த்தால் சிறிய உலர்ந்த விதைக்கூடு உண்டாகும். அதை ஒரு தட்டில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு சொட்டு நீர் விடுங்கள். மூடியிருந்த அறைகள் சில நிமிடங்களில் நட்சத்திரம்போல் விரியும். காய்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். அந்தத் தேசத்தில் மழைத்துளி விழுந்து தெறிக்கும்போதுதான் விதைகள் வெளியேறுகின்றன. தூசியைப்போன்ற அவ்விதைகளை மணலின்மேல் தூவினால் போதும், மூடவேண்டாம். பூவைக் காணக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.