அலமாரியில் உறங்கும் படக்கருவி



சென்ற மாதம் பெற்றோர் சந்திப்பு நாளன்று, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் ஒரு துணிப்பையை என் மேசைமீது வைத்தார். "சார், இது என் மாமனாருடையது. தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கினாராம். பழைய இரும்புக்காரரிடம் போட மனம் வரவில்லை. பள்ளிக்கு உதவுமா?" என்றார். பைக்குள் யாஷிகா எலக்ட்ரோ 35 கேமரா ஒன்று இருந்தது. தோலுறை முழுவதும் பூசணம் பூத்திருந்தது. உள்ளே கருவி நலமாகவே இருந்தது.

பள்ளியில் நிழற்படக் கழகம் தொடங்கியதிலிருந்து, "மலிவாக எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று பெற்றோர்களும் சக ஆசிரியர்களும் கேட்டு வருகிறார்கள். என் கருத்தை இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கு ஒரே ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் போதும். அதைப் பெயரைப் பார்த்தும் பளபளப்பைப் பார்த்தும் வாங்கக்கூடாது. சோதித்து வாங்க வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது தொலைவை அளந்து குவியப்படுத்தும் கேமரா. அதன் முகப்பில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள் இருக்கும். கண்ணை வைத்துப் பார்த்தால், நடுவில் உள்ள சிறு கட்டத்தில் பொருள் இரண்டாகத் தெரியும். வில்லை வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். அங்கே குவியம் சரி. கணிதப் பாடத்தில் வரும் முக்கோணம்தான் உள்ளே வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே இருக்கிறது.

இவ்வகைக் கேமராவுக்குப் புகழ் தேடித் தந்தது ஜெர்மனியின் லைக்கா. பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படமெடுத்தார். அவர் வாழ்நாளெல்லாம் கையாண்டதும் லைக்காவே. ஆனால் அதன் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. நமக்கு ஏற்றவை, வில்லை கழற்ற முடியாத ஜப்பானியக் கருவிகள். யாஷிகா எலக்ட்ரோ 35 (1966), மினோல்டா ஹை-மேட்டிக் 7எஸ் (1966), ஒலிம்பஸ் 35 ஆர்சி (1970), கேனன் கேனோனெட் கியூஎல்17 ஜி-III (1972) ஆகியவை அவற்றுள் சில.

இவற்றிலும் வேறுபாடு உண்டு. யாஷிகாவின் ஷட்டர் மின்கலத்தை நம்பியது. மின்கலம் இல்லையேல் ஒரே வேகத்தில்தான் இயங்கும். மற்ற மூன்றையும் மின்கலம் இல்லாமலும், வேகத்தையும் துளை அளவையும் நாமே வைத்துப் பயன்படுத்தலாம். பிள்ளைகள் கற்பதற்கு இவையே மேல். அக்காலத்துப் பாதரச மின்கலங்கள் இப்போது கிடைப்பதில்லை. கேனோனெட்டுக்குச் செவிக்கருவியில் பயன்படும் துத்தநாக-காற்று மின்கலத்தை ஒரு வளையத்தோடு பொருத்தலாம். யாஷிகாவுக்கு 6 வோல்ட் மின்கலமும் ஒரு சிறு இணைப்பும் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், வார இறுதிச் சந்தை ஒன்றில் 280 ரிங்கிட் கொடுத்து ஒரு கேமராவை வாங்கினேன். வெளிப்புறம் புதிது போல மின்னியது. வீட்டுக்கு வந்து விளக்கில் பார்த்தால், வில்லைக்குள் சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருந்தது. துப்புரவு செய்யக் கேட்ட கூலி, வாங்கிய விலையையும் தாண்டியது. சோதிக்காமல் வாங்கியது என் குற்றமே. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில், பழைய வில்லைக்கு முதல் பகைவன் பூஞ்சைதான்.

ஆகவே, வாங்குமுன் இவற்றைச் செய்யுங்கள்.

முதலாவதாக, பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி' நிலையில் அழுத்திப் பிடித்து, கைவிளக்கை வில்லை வழியே பாய்ச்சுங்கள். தூசி சிறிது இருந்தால் பாதகமில்லை. நூல் போன்ற கோடுகளோ, பால் போன்ற மங்கலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக, வளையத்தை முடிவிலி நிலைக்குத் திருப்பி, தொலைவில் உள்ள உயர்ந்த கட்டடம் ஒன்றைப் பாருங்கள். இரண்டு உருவங்களும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக நின்றால் பழுது இருக்கிறது.

மூன்றாவதாக, மெதுவான வேகங்களைக் காதால் கேளுங்கள். வைத்த வேகத்துக்கு ஏற்ற நேரம் திறந்து மூட வேண்டும். இடையில் சிக்கினால், உள்ளே எண்ணெய் பிசுபிசுத்துவிட்டது. யாஷிகாவாயின் நெம்புகோலைச் சுற்றும்போது 'டொக்' என்ற ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லையெனில் உள்ளிருக்கும் ரப்பர்த் துண்டு கரைந்திருக்கக்கூடும்.

நான்காவதாக, மின்கல அறையில் பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவின் ஓரத்துப் பஞ்சு கரைந்திருந்தால் அஞ்ச வேண்டாம். அதை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது? பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிப் பழம்பொருள் சந்தைக்குப் பெயர்பெற்றது. பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் கேஎல் சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறி தாமான் ஜெயாவில் இறங்கலாம். கிள்ளானிலிருந்து வருவோர் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளலாம். இணையத்தில் விற்பவரிடம் வாங்கினால் நேரில் சந்தித்துச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். அதற்கெல்லாம் முன்பாக, உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்.

"கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிலிம் சுருள், கழுவும் கூலி, ஸ்கேன் செலவு எல்லாம் சேர்த்தால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ இரண்டு ரிங்கிட் ஆகிறது. அந்தச் செலவே இங்கு ஆசானாகவும் இருக்கிறது. ஒரு சுருளில் 36 படங்கள். ஆறு மாணவர்களுக்கு ஆளுக்கு ஆறு. தொலைபேசியில் நூறு முறை தட்டும் பிள்ளை, இங்கே ஒன்றை அழுத்துமுன் நின்று பார்க்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் வாழ்ந்த தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களும் இல்லை, கோயிலடியும் இல்லை. எஞ்சியிருப்பவை சில கறுப்பு வெள்ளைப் படங்களும் பிலிம் துண்டுகளுமே. நம் பிள்ளைகளின் ஆயிரக்கணக்கான படங்களோ, ஒரு தொலைபேசி பழுதானால் அதோடு போய்விடுகின்றன. வருடத்துக்கு இரண்டு சுருள்களாவது பள்ளியையும் சுற்றுப்புறத்தையும் பதிவுசெய்து கோப்பில் வைப்பது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பெரிய சுமையன்று என்பது என் தாழ்மையான கருத்து.

அந்த யாஷிகாவுக்குப் புது மின்கலம் போட்டோம், பஞ்சை மாற்றினோம். ஈரம் தேக்கும் தோலுறையை நீக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான டப்பாவில் வைத்திருக்கிறோம். முதல் சுருளில் அம்மாணவி தன் ஆறு படங்களில் ஐந்தைத் தன் பாட்டிக்கே செலவிட்டாள். ஒன்று ஆடிவிட்டது, இரண்டு இருட்டு. மீதி இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தோம். "தாத்தா எடுத்த படத்தில் பாட்டி சிரிக்கவே இல்லை சார், என் படத்தில் சிரிக்கிறாங்க" என்றாள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கேமரா உறங்கினால், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு வாருங்கள்.