கையெழுத்தும் தவணை நாளும்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது அச்சமே. அறிவு பின்னரே வருகிறது. பலருக்கு அது வராமலே போய்விடுகிறது. இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் பிழையொன்றினால் அறிந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுது. திருகோணமலை உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கியிருந்தன. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் வீட்டு வாசலில் ஓர் அன்னை வந்து நின்றார். "ஐயா, பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. அவருடைய மகன் என்னிடம் உயர்தர வகுப்பிற் பயில்பவன், பத்தொன்பது வயதினன். மீன்வாடி ஒன்றின் அருகே இளைஞர்களிடையே நடந்த சிறு கைகலப்பில் அவனும் அகப்பட்டுக்கொண்டான். எவருக்கும் பெருங்காயம் இல்லை.

பொலிஸ் நிலையத்துக்கு நானும் சென்றேன். ஒரு மணி நேரத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு தாளையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அத்தாள் நமது மொழியில் இல்லை. அதைப் படித்துப் பொருள் கூறும்படி நான் கேட்கவுமில்லை. "எல்லாம் முடிந்தது, அம்மா; நிம்மதியாகப் போங்கள்" என்றேன். அவ்வன்னை அத்தாளைக் கோணேசப் பெருமானின் படத்துக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டார்.

உண்மையில் எதுவும் முடிந்திருக்கவில்லை. குறித்த நாளில் நீதவான் நீதிமன்றத்துக்கு வருவேன் என்று அவன் எழுதிக்கொடுத்த உறுதிமொழியே அது. அந்நாளில் அவன் வகுப்பில் அமர்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தான். நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவனை வீட்டிலிருந்து அழைத்துச் சென்றனர். முதன்முறை ஒரு மணி நேரத்தில் திரும்பியவன், இம்முறை ஓர் இரவைக் கம்பிக் கூட்டினுள் கழித்தான். மறுநாள் வழக்கறிஞர் ஒருவர் முயன்றதால் ஆட்பிணையில் வந்தான். அன்று நீதவான் மறுத்திருந்தால் அவனுடைய பரீட்சை என்னவாகியிருக்கும்? அதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு துணுக்குறுகிறது.

வாசகர்களே, இவ்விடயத்தில் சட்டம் கூறுவது என்ன என்று அதன் பின்னரே தேடிப் படித்தேன். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று கூறுகிறது. குற்றங்களைப் பிணையில் விடக்கூடியவை, விடமுடியாதவை என இருவகையாகப் பிரிப்பது 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் அட்டவணை. குற்றம் முதல் வகையைச் சார்ந்ததாயின், அதனால் பொதுமக்களிடையே கொந்தளிப்பு எழுந்து அமைதி குலையாது எனப் பொறுப்பதிகாரி கருதுவாராயின், எழுத்துமூல உறுதிமொழியின் பேரில் நிலையத்திலிருந்தே அவர் ஆளை விடுவிக்கலாம். குற்றத்தின் தன்மையை நோக்கிப் பிணைமுறி கேட்கவும் அவருக்கு அதிகாரமுண்டு. இங்ஙனம் விடாதபோது, பயண நேரம் நீங்கலாகப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுசெல்லல் வேண்டும். கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையை அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை தருகிறது.

ஆகவே, அன்று அம்மாணவன் வீடு திரும்பியது எவருடைய தயவினாலும் அன்று. சட்டம் வகுத்த வழியினாலேயே. அதை நாங்கள் தயவு என்று எண்ணினோம். தயவு என்று எண்ணியதனாலேயே அதனுடன் ஒட்டியிருந்த கடமையைக் காணத் தவறினோம்.

ஏன் அவ்வாறு எண்ணினோம்? இவ்வூரில் வாழ்ந்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் கோலோச்சிய நாட்களில், பிடிபட்ட பிள்ளை எங்கே இருக்கிறான் என்று அறிவதற்கே தாய்மார் முகாம் முகாமாக அலைந்தனர். பிணைச் சட்டமும் அவ்வகை வழக்குகளைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. அக்காலத்தைக் கண்ட தாய்க்கு, மகன் திரும்பி வந்ததே பெருவரம். கையில் உள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு எங்ஙனம் வரும்? எனக்கே வரவில்லையே!

வெறும் வாக்கை நம்பி ஒருவரை விடலாமா என்று சிலர் ஐயுறுவர். 1961 இல் நியூயோர்க் நகரில் வேரா நிறுவனத்தார் இதைச் சோதித்துப் பார்த்தனர். பணம் கட்ட இயலாத ஏழைகளின் குடும்பம், தொழில், முகவரி ஆகியவற்றை விசாரித்து, அவர்களை வாக்குறுதியின் பேரில் விடும்படி நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தனர். விடப்பட்டோரில் மிகச் சிலரே வராது நின்றனர். 1966 இல் அந்நாட்டில் பிணைச் சீர்திருத்தச் சட்டம் பிறக்க அது ஒரு காரணமாயிற்று. மனிதனுக்கு வீடும் உறவும் இருந்தால் அவன் சொல்லுக்குப் பெறுமதி உண்டு என்பதே அச்சோதனை காட்டிய உண்மை. அச்சொல்லை நாமே தவறவிட்டால், "இவர் நீதிமன்றத்துக்கு வரமாட்டார்" என்று பிணை மறுப்பதற்கான காரணத்தை நாமே எழுதிக்கொடுத்தவர்களாவோம்.

எனவே, பெற்றோர்க்கும் மாணவர்க்கும் சில சொல்வேன். இத்தகைய வேளையில் செல்வாக்குள்ளவரைத் தேடி ஓடுமுன், தேசிய அடையாள அட்டையையும் முகவரிக்கான சான்றையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குச் செல்லுங்கள். எக்குற்றம், அது பிணையில் விடக்கூடியதா என்று பணிவோடு கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்பதை 1988 இல் வந்த 16 ஆம் திருத்தம் உறுதிசெய்திருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். யாவற்றுக்கும் மேலாக, எந்த நீதிமன்றம், எந்த நாள், எத்தனை மணி என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாணவன் பரீட்சை எழுதினான். அடுத்த தவணைக்கு நானும் அவனுடன் சென்றேன். சொல்லாமல் விட்டவன் நான் அல்லவா? அவன் வீட்டுக் கோணேசர் படத்தின் பின்னால் இப்போது தாள் எதுவும் இல்லை. அருகில் தொங்கும் நாட்காட்டியில், தவணை நாளைச் சுற்றி அவ்வன்னை சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.