நிலுவை கேட்பது இழிவா?

விற்பதும் வாங்குவதும் மட்டுமே வணிகம் என்று எண்ணுவோர் பலர். விற்ற பொருளின் விலை விற்றவர் கைக்கு வந்து சேரும்வரை எந்த வணிகமும் முற்றுப்பெறுவதில்லை. ரொக்கத்துக்கு நடக்கும் சில்லறை வணிகத்தில் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடக்கும் வணிகத்திலோ சரக்கு இன்று போகும். பணம் முப்பது நாள் கழித்தோ அறுபது நாள் கழித்தோ வரும். அந்த இடைவெளியைக் கண்காணிப்பதற்கென்றே இன்று ஒரு பணி உண்டு. 'கலெக்ஷன்ஸ் அனலிஸ்ட்' என்று நிறுவனங்கள் அதனை அழைக்கின்றன. நாம் அதனை 'வணிக நிலுவை ஆய்வாளர்' எனத் தமிழில் வழங்கலாம்.

சென்னையில் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு அலுவலகங்களில் இப்பணியில் இளைஞர் பலர் அமர்ந்திருக்கின்றனர். நம் கல்லூரி போன்ற கல்லூரிகளிலிருந்து சென்றோரும் அவர்களுள் உளர். ஆயினும் அவர்கள் தம் பணியின் பெயரை ஊரில் சொல்லத் தயங்குகின்றனர். பெண் பார்க்கச் சென்ற இடத்தில், "மாப்பிள்ளைக்கு வசூல் வேலையாமே!" என்று பெரியவர் ஒருவர் முகம் சுளித்ததால் பேச்சு அத்துடன் நின்றுபோனதை நான் அறிவேன். வசூல் என்றதும் வாசலில் நின்று மிரட்டும் ஆளும், கந்துவட்டிக் கணக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்த எண்ணம் சரிதானா என்பதை மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோர்களும் ஒருங்கே சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணியின் இயல்பு

இந்த ஆய்வாளர் என்ன செய்கிறார்? காலையில் அவர் முதலில் பார்ப்பது நிலுவைப் பட்டியல். எந்த வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், தவணை கடந்து எத்தனை நாளாயிற்று என்று அது வகைப்படுத்திக் காட்டும். முப்பது நாள் வரை ஒரு கட்டம். 31 முதல் 60 வரை அடுத்தது. 61 முதல் 90 வரை மற்றொன்று. 90-ஐக் கடந்தவை கவலைக்குரியவை. மனிதருக்கு வயது ஏறுவதைப் போலப் பில்லுக்கும் வயது ஏறுகிறது. வயது ஏற ஏறப் பணம் திரும்பும் வாய்ப்பும் குறைகிறது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு நிறுவனம் மாதம் 1 கோடி ரூபாய்க்குக் கடனில் விற்கிறது என்று கொள்வோம். வெளியே நிற்கும் நிலுவை 2 கோடி என்றால், 60 நாள் விற்பனையின் பணம் பிறர் கையில் இருக்கிறது. அதனை 45 நாளாகக் குறைத்தால் 50 லட்சம் ரூபாய் நிறுவனத்தின் கைக்குத் திரும்பும். அந்தப் பணத்தில் கூலி கொடுக்கலாம், மூலப்பொருள் வாங்கலாம், வங்கிக் கடனைக் குறைக்கலாம். பணம் வராத நாள்களில் செலவு மட்டும் நிற்பதில்லை. சரக்கு விற்றவர், வாங்கியவர் காசு தராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்குரிய ஜி.எஸ்.டி. வரியை அடுத்த மாதமே அரசுக்குச் செலுத்தியாக வேண்டும். தமக்கு வராத பணத்துக்கு வரி கட்டும் நிலை அது.

பணம் ஏன் தாமதமாகிறது என்பதைக் கண்டறிவதே இப்பணியின் உயிர். தாமதம் யாவும் தீய எண்ணத்தால் விளைவன என்று கருதிவிடக் கூடாது. பில்லில் ஆர்டர் எண் தவறாக இருக்கலாம். ஒப்புக்கொண்ட விலை ஒன்றும் எழுதிய விலை வேறொன்றுமாக இருக்கலாம். நூறு பெட்டியில் நான்கு உடைந்து போயிருக்கலாம். சரக்கு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து இல்லாதிருக்கலாம். அனுப்பிய பணமே வேறொரு பில்லின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கலாம். என்னிடம் தமிழ் இலக்கியம் பயின்று, அட்டைப்பெட்டி செய்யும் ஒரு நிறுவனத்தில் இப்பணியில் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் அனுபவத்தைக் கூறினார். ஒரு வாடிக்கையாளர் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாம் என்று மேலாளர் முடிவு செய்திருந்தார். இம்மாணவர் பழைய கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்தார். பில்லில் ஆர்டர் எண்ணின் ஓர் இலக்கம் மாறியிருந்தது. திருத்திய பில் போன பத்தாம் நாள் பணம் வந்தது. பாடபேதம் பார்க்கப் பழகிய கண் அங்கே பயன்பட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

சொல்லே கருவி

இப்பணியில் கணினி உண்டு, கணக்கு உண்டு. ஆயினும் இதன் முதற்கருவி சொல்லேயாகும். தவணைக்கு முன்னரே பணிவாக ஒரு நினைவூட்டல், தவணை கடந்ததும் கணக்கறிக்கையுடன் ஒரு கடிதம், பின்னர்த் தொலைபேசி, அதன் பின்னர் உறுதியான இறுதிக் கடிதம் என்று படிப்படியாகச் செல்வது இதன் முறை. ஒவ்வொரு படியிலும் சொல்லின் அளவு மாற வேண்டும். மிகக் குழைந்தால் கேட்பவர் பொருட்படுத்த மாட்டார். மிகக் கடிந்தால் நெடுநாள் வாடிக்கையாளர் போய்விடுவார். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் தூதுக்கு ஓர் அதிகாரமும் உள்ளன. நிலுவை ஆய்வாளர் இரண்டையும் கற்க வேண்டியவர். தம் நிறுவனத்தின் உரிமையையும் எதிர் நிறுவனத்தின் மானத்தையும் ஒரே வாக்கியத்தில் காக்க வேண்டிய தூதர் அவர்.

எழுத்தின் வலிமைக்கு இங்கே மற்றொரு சான்றும் உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற பொருளின் விலைக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகளே உண்டு. அக்காலம் முடியுமுன், "இவ்வளவு தொகை நாங்கள் தர வேண்டும்" என்று கடனாளி எழுதிக் கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்குகிறது. ஒற்றை வாக்கியம் ஓர் உரிமையை மூன்றாண்டுகளுக்கு உயிர்ப்பிக்கிறது. அவ்வாக்கியத்தை இனிமையாகக் கேட்டுப் பெறத் தெரிந்தவரே திறமையான ஆய்வாளர்.

வழக்கமான நினைவூட்டல் கடிதங்களை இன்று கணினியே அனுப்பிவிடுகிறது. ஆகவே, மனிதருக்கென்று எஞ்சுவது காரணம் அறிதலும், பேசித் தீர்த்தலும், நியாயம் பார்த்தலுமே. தமிழ் பயின்றவருக்கு இங்கு இடமில்லை என்று எவரும் சோர்வடைய வேண்டாம். ஆங்கிலத்தில் தெளிவாக எழுதவும் பேசவும், எக்செல் தாளைக் கையாளவும், பேரேட்டில் பற்று வரவு படிக்கவும் கற்றுக்கொண்டால் இக்கதவு திறக்கும். இவற்றைப் பட்டப் படிப்பின் மூன்றாண்டுகளுக்குள்ளேயே கற்றுவிட முடியும். அமெரிக்க வாடிக்கையாளருடன் பேச வேண்டிய இடங்களில் இரவுப்பணி உண்டு என்பதையும், மாதக் கடைசியில் இலக்கின் நெருக்கடி கடுமையாக இருக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இயலாதவரும் மனமில்லாதவரும்

அந்த நெருக்கடியில்தான் ஆய்வாளரின் பண்பு சோதிக்கப்படுகிறது. தவணை தவறியோர் இருவகையினர்: கொடுக்க இயலாதவர், இயன்றும் கொடுக்க மனமில்லாதவர். பட்டியலில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் நிற்பர். வெள்ளத்தில் கிடங்கு மூழ்கிய வணிகரையும், பிறர் பணத்தைத் தம் முதலாக வைத்துக்கொண்டு புதுக் கிளை திறக்கும் வணிகரையும் எண்கள் வேறுபடுத்திக் காட்டா. விசாரித்து அறியும் மனிதர் ஒருவர் தேவை. முன்னவருக்குத் தவணை பிரித்துக் கொடுக்குமாறு மேலாளரிடம் வாதாட வேண்டும். பின்னவருக்குச் சரக்கை நிறுத்துமாறு பரிந்துரைக்க வேண்டும். வள்ளுவர் வாணிகத்தைப் பற்றி நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துப் பேசுவது ஈண்டு எண்ணத்தக்கது.

இதே வேறுபாட்டை நம் மார்க்கமும் செய்திருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது. அதற்குச் சற்று முன்னுள்ள வசனம், நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தரப் பணிக்கிறது. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பதை நபிமொழி அநீதி என்று கண்டிக்கிறது. எழுதுக, இயலாதவருக்குப் பொறுத்திருக்க, வசதியுள்ளவர் தாமதியாதிருக்க என்னும் இம்மூன்றும் சேர்ந்தால் நல்ல நிலுவை ஆய்வாளர் ஒருவருக்குரிய ஒழுக்க நெறி கிடைத்துவிடுகிறது.

இவ்வருமானம் ஆகுமானதா என்ற ஐயத்தையும் நேராகவே எதிர்கொள்வோம். விற்ற சரக்கின் விலையைக் கேட்பது வேறு. வட்டிக்குக் கொடுத்த கடனைக் கேட்பது வேறு. முன்னது விற்றவரின் உரிமைப் பொருள். நிதி நிறுவனத்துக்காக வட்டி வசூலிக்கும் பணியை இதனோடு ஒன்றாக்கி இரண்டையும் ஒதுக்குவது முறையாகாது. எனினும் வணிக நிறுவனங்களிலும் தாமதத்துக்கு வட்டி சேர்க்கும் வழக்கம் உண்டு. அத்தகைய இடத்தில் எதுவரை செல்லலாம் என்பதை மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிவதே இளைஞருக்கு அழகு. கேளாமலே முழுப் பணியையும் பழிப்பது பெரியோர்க்கு அழகன்று.

சட்டத்தின் துணை

நிலுவை கேட்பது இழிவெனில் அரசு அதற்கு இத்தனை சட்டங்கள் செய்திராது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ பெற்றவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. முறையீட்டைக் கேட்க மாநிலங்களில் தீர்வு மன்றங்கள் உள்ளன. அம்மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் வழக்காட விரும்பினால், தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டமோ, இந்நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டிலேயே செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரியில் விதி செய்தது. காசோலை திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம். அதன் பின்னரே குற்ற வழக்கு.

இவ்வளவு இருந்தும் சிறியவர் பெரியவர் மீது முறையிட அஞ்சுகிறார். அடுத்த ஆர்டர் கிடைக்காதே என்ற அச்சம் சட்டத்தை விட வலியது. ஆகவேதான் முறையீட்டுக்கு முன்னரே, உறவு முறியாமல் பேசிப் பணத்தைப் பெற்றுத் தரும் ஆய்வாளரின் தேவை மிகுகிறது.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

பெரிய நிறுவனங்கள் இத்தகைய ஆய்வாளரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கின்றன. சிறு தொழில் செய்வோருக்கு அந்த வசதி இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் காலணியின் மேற்பாகத்தைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்கள் உள்ளன. அங்கே தைப்போர் பெரும்பாலும் பெண்கள். கூடத்து உரிமையாளருக்கு வர வேண்டிய தொகை ஒரு மாதம் தள்ளினால், அப்பெண்களின் கூலியும் தள்ளிப்போகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் தள்ளிப்போகிறது. பெரிய மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு தாள், யாரோ ஒருவர் வீட்டு அடுப்போடு தொடர்புடையது.

நம் சமுதாயப் பெரியோர்களுள் பலர் வணிகர்கள். வாரி வழங்கும் வள்ளல்கள். இக்கல்லூரி போன்ற நிறுவனங்களைத் தம் கைப்பொருளால் எழுப்பியவர்கள். அவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். தர்மம் செய்வதற்கு முன்னர்த் தர வேண்டியதைத் தந்துவிட்டோமா என்று பார்ப்பது கடமையன்றோ? அச்சகத்துக்காரர், பெட்டி செய்பவர், தையல் கூடத்தார், வண்டிக்காரர் ஆகியோரின் பில்லுக்குத் தவணையில் பணம் போய்ச் சேர்ந்தால், வசூலுக்கு ஆள் வர வேண்டிய தேவையே இராது. இழிவு என்று ஒன்று இங்கே இருக்குமானால், அது கேட்பவரிடத்தில் இல்லை. இருந்தும் கொடாதவரிடத்தில் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! உழைத்தவரின் விலையை உழைத்தவரிடம் கொண்டு சேர்க்கும் பணி இது. பொய்யான மிரட்டல் இல்லாமலும் இயலாதவரை வதைக்காமலும் இதனைச் செய்தால், பணியின் பெயரை ஊரில் நிமிர்ந்தே சொல்லலாம். பெரியோர்களே! அடுத்த முறை ஒரு மாப்பிள்ளையின் வேலையைக் கேட்கும்போது அதன் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அவர் யாருடைய பணத்தை, எந்த முறையில் கேட்கிறார் என்பதையும் கேளுங்கள். உங்கள் அலுவலக இழுப்பறையில் தவணை கடந்த பில் ஏதேனும் உறங்குமாயின், இவ்வாரமே அதனை எழுப்பி அனுப்புங்கள். அதை எதிர்பார்த்து ஒரு வீடு காத்திருக்கிறது.