மோனிகா வீட்டு வாடகையும் போடி ஒத்தி வீடும்



'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் 1994-ல் ஆரம்பித்து 2004-ல் முடிந்தது. இன்னைக்கும் நம்ம பசங்க செல்போனில் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நியூயார்க் மாதிரி ஊரில் ஒரு சமையல் வேலைக்காரப் பொண்ணு அவ்வளவு பெரிய வீட்டில் எப்படிக் குடியிருக்க முடியும்? பதில் தொடரிலேயே இருக்கு. அது மோனிகாவின் பாட்டி பேரில் இருக்கிற வீடு. வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வருகிற வீடு. அதனால்தான் வாடகை கட்டுபடியாகுது.

இதைக் கவனிங்க. வெறும் சிரிப்புத் தொடரில்கூட அந்த வீடு சாத்தியமானது வீட்டுக்காரரின் தாராள மனசால் இல்லை. அரசாங்கம் போட்ட ஒரு விதியால்.

நம்ம டிவி சீரியலுக்கு இந்த விளக்கம்கூடத் தேவைப்படுறதில்லை. சாதாரணக் குடும்பம்னு சொல்வாங்க, ஆனா ஹாலில் மாடிப்படி வளைஞ்சு வளைஞ்சு போகும். ஒண்ணாம் தேதி யாரும் வாடகை கேட்டுக் கதவைத் தட்ட மாட்டாங்க. அட்வான்ஸ்ங்கிற வார்த்தையே வசனத்தில் வராது. செழியன் இயக்கிய 'டூ லெட்' மாதிரி அபூர்வமா ஒண்ணு வரும். 2007-ல் சென்னையில் ஐடி கம்பெனிகள் பெருகி வாடகை ஏறின நேரம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. புருஷன், பொண்டாட்டி, சின்னப் பையன் மூணு பேரும் வீடு தேடி அலையுறதுதான் மொத்தக் கதை.

இப்போ நம்ம போடிக்கு வருவோம்.

விடியக்காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க, ஊருக்குள் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்கள், சுமை தூக்குறவங்க. இவங்க வருமானம் சீசனைப் பொறுத்தது. காய் இல்லாத மாசம் கூலி நிக்கும், வாடகை நிக்காது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போச்சு. அந்த விலையைப் பார்த்து, காய் பறிச்ச கைக்கு யாரும் வாடகையைக் குறைக்கலை.

மாச வாடகை கட்ட முடியாதவங்க ஒத்திக்குப் போறாங்க. மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டா, சொன்ன காலம் வரைக்கும் வாடகை இல்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தொகை எங்கிருந்து வருது? தாலிக்கொடி அடகு, குழுக் கடன். வாடகை வீட்டுக்காரருக்குப் போகலை, வட்டியா வேற இடத்துக்குப் போகுது, அவ்வளவுதான். பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோட சரி, பதிவு கிடையாது. வீடு கைமாறினாலோ, வீட்டுக்காரர் கடனில் மாட்டினாலோ, ஒத்திப் பணம் கைக்கு வர்றதுக்குள் பாதி உசுரு போயிடும்.

சட்டம் இல்லையா? இருக்கு. 1960-ம் வருஷச் சட்டத்தில், நியாய வாடகையை நிர்ணயிக்கச் சொல்லி அதிகாரியிடம் மனு போடும் உரிமை இருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அந்த இடத்துக்கு 2017-ம் வருஷச் சட்டம் வந்துவிட்டது. இப்போ ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுதான் வாடகை. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது. கூடவே, வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிரன்னு ஒரு ஓட்டையும் வைச்சிருக்கு. 5,000 ரூபாய் வாடகைன்னு வைச்சுக்குவோம். மூணு மாசம்னா 15,000. பத்து மாசம்னா 50,000. வீடு கிடைக்காம நிக்கிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டார்?

மலை மேலே தோட்டத்து லயத்தில் இருக்கிறவங்களுக்கு வாடகைக் கவலை இல்லையேன்னு சிலர் கேட்கலாம். அங்கே வேலை போனா வீடும் போச்சு. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிஞ்சு லயத்தோடு புதைஞ்ச 70 பேரில் பெரும்பாலானவங்க நம்ம தமிழ்த் தொழிலாளர்கள். 'இலவச வீடு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பேரைக் கொஞ்சம் நினைக்கணும்.

வீட்டுக்காரர் எல்லாரும் எதிரின்னு நாம சொல்லலை. ஒரு போர்ஷன் வாடகையை நம்பி மருந்து வாங்குற வயசானவங்களும் இதே தெருவில்தான் இருக்காங்க. ஒப்பந்தம் பதிவாகி இருந்தா ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு.

அதனால் நம் கோரிக்கை நாலு:

✊ மூணு மாச அட்வான்ஸ் வரம்பை ஓட்டையில்லாமல் கட்டாயமாக்கு.
✊ நியாய வாடகை கேட்டு மனு போடும் உரிமையைத் திருப்பிக் கொடு.
✊ ஒத்திப் பத்திரத்தைக் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்து, பணத்துக்குப் பாதுகாப்புக் கொடு.
✊ போடி நகராட்சியில் வாடகை ஒப்பந்தப் பதிவுக்கு மாதம் ஒரு முகாம் நடத்து.

தேர்தல் வந்தா எல்லாரும் சொந்த வீடு தர்றேன்னு பேசுறாங்க. நல்லது, கொடுக்கட்டும். அந்த வீடு வர்ற வரைக்கும் ஒண்ணாம் தேதி வந்துக்கிட்டேதான் இருக்கும். வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் ஓட்டு இருக்கு.

உங்க தெருவில் அட்வான்ஸ் எத்தனை மாசம் கேட்கிறாங்க? ஒத்தித் தொகை திரும்பக் கிடைச்சுதா? யார் பேரும் போடாமல், தொகையை மட்டும் கமெண்டில் எழுதுங்க. தொகுத்து மனுவாகக் கொடுப்போம்.

#வாடகைக்கும்_நியாயம்_வேண்டும்